பரம்பரைக் காது

கடிதத்தை அம்சாதான் எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தப்பை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

முகூர்த்த நாள் குறிக்க வந்திருந்த சம்பந்தி வீட்டார் பஜ்ஜியை முடித்துவிட்டுக் காபிக்குக் காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். பதிவுத் தபால், மேலே அரசாங்க முத்திரை. கணவர் கஜபதி போட்ட ஊன ஓய்வூதிய மனுவுக்குப் பதினெட்டு மாதம் கழித்து வந்த பதில் அது. கஜபதி இருபத்திரண்டு வருஷம் பீரங்கிப் படையில் இருந்தவர். வலது காதை முழுசாகவும் இடது காதைப் பாதியாகவும் அங்கேயே விட்டுவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பியவர். நல்ல நாளில் நல்ல சேதி வந்திருக்கிறது, வந்தவர்கள் முன்னால் படித்தால் கொஞ்சம் கௌரவமாகவும் இருக்கும் என்று அம்சா கணக்குப் போட்டாள்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்த பி.காம் பட்டதாரி ஒருத்தி அந்த வீட்டிலேயே இருந்தாள். ஆனால் மகள் தேவயானி அன்றைக்குக் கல்யாணப் பெண். பட்டுப்புடவை கட்டி, அம்மா கூப்பிடும் வரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று உள்ளறையில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு இங்கிலீஷ் தெரியக் கூடாது.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க சம்பந்தி, எங்களுக்கு அவ்ளோ ஓடாது" என்று அம்சா கடிதத்தை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஜெகநாதன் திருவாலங்காட்டுக்காரர், பத்திரம் எழுதுகிறவர். காகிதம் என்றாலே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டு. அரை மணி நேரம் முன்புதான், "நகை, சீரு எல்லாம் உங்க இஷ்டங்க, நாங்க வாயத் தொறக்க மாட்டோம். எங்களுக்குப் பரம்பரைதான் முக்கியம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். கண்ணாடியைப் போட்டு உரக்கப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். "மனு நிராகரிக்கப்படுகிறது... இந்தக் குறைபாடு பணியினால் வந்ததல்ல... பணியினால் கூடியதும் அல்ல..." அதற்குப் பிறகு அவர் உதடு மட்டும் அசைந்தது. திரும்ப ஒருமுறை மனசுக்குள் படித்தார்.

"என்னாங்க?" என்றாள் அம்சா.

"பரம்பரையா வர்ற நோவுன்னு போட்டிருக்குதும்மா."

காபி வந்தது. ஒருவரும் கை நீட்டவில்லை. கஜபதி காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. எல்லாரும் இவ்வளவு அமைதியாக இருப்பதைப் பார்த்து ஏதோ பெரிய தொகையாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பாக, "கெடச்சிடுச்சா? ஸ்வீட் எடுத்துக்கோங்க சம்பந்தி" என்று தட்டை எடுத்து ஜெகநாதன் மூக்குக்குக் கீழே நீட்டினார். அம்சாவுக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

ஜெகநாதனின் மனைவி அதற்குள் சோதனையே ஆரம்பித்துவிட்டாள். உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பி, மெல்லிய குரலில், "தேவயானி" என்றாள். பதில் இல்லை. "யம்மாடி, தேவயானி" என்றாள் மறுபடியும். அம்மா கூப்பிட்டால்தான் வர வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்த பெண், சொன்னபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெகநாதனின் மனைவி கணவனைப் பார்த்தாள். பார்வையிலேயே தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஜாதகத்தில் ஒரு சின்னச் சிக்கலாம்.

*

அம்சாவின் வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்காது. புருஷனிடம் எதைச் சொல்வதானாலும் இடது காதுப்பக்கம் நின்று கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் மலையடிவாரத்தில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும். ஆடிக் கிருத்திகை சமயத்தில் நாலு மூலையிலும் குழாய் கட்டி அலறவிடும்போது, "கஜபதி குடுத்து வெச்சவன், நிம்மதியாத் தூங்குறான்" என்று கேலி பேசுகிற தெரு அது. கல்யாணம் நின்ற கதையை அவருக்குச் சொல்லி முடித்தபோது தெருவுக்கும் சொல்லி முடித்த மாதிரி ஆயிற்று.

கஜபதி, "பரம்பரையா?" என்றார். "சேர்ற அன்னிக்கு என்னை அந்தக் கோடியில நிக்க வெச்சு, முதுகைத் திருப்பிக்கச் சொல்லி, இந்தக் கோடியிலேர்ந்து டாக்டரு குசுகுசுன்னு பேசனாரு. அத்தினியும் திருப்பிச் சொன்னேன். 'காது பாம்புக்காது'ன்னு முதுகுல தட்டனாரு. அப்ப எங்க போச்சு இந்தப் பரம்பர?"

தேவயானி பட்டுப்புடவையை மடித்துப் பீரோவில் வைத்தாள். அந்தப் பையன் பிரேம்குமாரை அவளுக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. அழுது தீர்த்துவிட்டு, கடிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள்.

"அம்மா, அவங்க போனாப் போவட்டும். ஆனா நைனாவைப் பத்தி எழுதனதை மட்டும் விடாத. இது இப்பிடியே கெடந்தா, நாளைக்குத் தம்பி வேலைக்குப் போற எடத்துலயும் நிக்கும், எனக்குப் பொறக்கறதுக்கும் நிக்கும்."

"காசு வராட்டி போவுது" என்றாள் அம்சா. "அந்த ஒரு வார்த்தைய அடிக்க வெக்காம நான் ஓய மாட்டேன்."

மறுநாள் கஜபதியை இழுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போனாள். சங்கம் என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு பரசுராமன். ஓய்வுபெற்ற சுபேதார். நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்து ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் மேல்முறையீடு எழுதித் தருவதே வேலையாக வைத்திருந்தார். கடிதத்தை வாங்கி ஒரு ஓரமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்சாம்மா, சட்டம் நம்ம பக்கந்தான். சேரும்போது இல்லாத நோவு, வேலையில இருக்கும்போது வந்தா, அது வேலையால வந்ததுன்னுதான் எடுத்துக்கணும். இல்லேன்னு சொன்னா ஏன் இல்லேன்னு காரணம் எழுதணும். காரணம் எழுதணும்னா ஃபைலைத் தொறக்கணும். தொறந்தாப் படிக்கணும். அந்தத் தொல்லையே வேணாம்னுதான் பரம்பரைன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. சக்கரை வந்துச்சா, பரம்பர. நெஞ்சு வலியா, பரம்பர. முட்டி தேஞ்சிடுச்சா, பரம்பர. பனிமலையில வெரல் உதுந்தவனுக்குத்தான் இன்னும் போடல. அவனோட தாத்தாவுக்கும் உதுந்துச்சான்னு விசாரிச்சிக்கினு இருப்பாங்க."

"அப்ப இவரு பீரங்கி சுட்டது?"

"அது ராஜஸ்தான் மணல்காட்டுல, பயிற்சியில சுட்டது. எதிர்ல எதிரி இல்ல. எதிரி இல்லன்னா அது அமைதிப் பகுதி. அமைதிப் பகுதியில பீரங்கி சத்தம் போடாதும்மா, தெரியாதா உனக்கு?"

அம்சா பரசுராமனின் முகத்தைப் பார்த்தாள். அந்த மனிதர் கேலிதான் செய்கிறார், ஆனால் கேலிக்குள் உண்மையைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"இவரைப் பார்த்து முடிவு பண்ணவரு யாருங்க? அவரை ஒருவாட்டி நேர்ல பாக்கணும்."

"பார்த்தா? யாரு பார்த்தாங்க? காகிதம் போச்சு, காகிதம் வந்துச்சு. மேல்முறையீடு போட்டாத்தான் ஆளைக் கூப்புடுவாங்க."

போட்டார்கள். பரசுராமன் சொல்லச் சொல்ல தேவயானி எழுதினாள். ஏழு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று டாக்டர்கள் கொண்ட குழுவின் முன்னால், குடும்ப மருத்துவ வரலாறு குறித்த ஆதாரங்களுடன் கஜபதி நேரில் ஆஜராக வேண்டும்.

"குடும்ப வரலாறா?" என்றாள் அம்சா. அன்றைக்கு அவள் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பரசுராமனுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

"காகிதந்தாம்மா கேக்கறாங்க. டாக்டர் சர்டிபிகேட்டு..."

"காகிதத்தை நம்பித்தான சார் இந்தக் கதி. நான் குடும்பத்தையே கூட்டிக்கினு போறேன்."

*

கஜபதியின் பரம்பரை ஒரு வேனில் அடங்கியது. கே.ஜி.கண்டிகையிலிருந்து அக்காள், அவள் பிள்ளைகள் இரண்டு பேர். பள்ளிப்பட்டிலிருந்து தம்பி வெங்கடேசன், அவன் பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டிலிருந்து தேவயானியும் அவள் தம்பி ஆகாஷும். எட்டுப் பேருக்கும் முந்தின வாரமே திருத்தணியில் காது பரிசோதனை செய்து, கோடு கோடாக வரைந்த காகிதம் வாங்கியாயிற்று. எட்டுப் பேருக்கும் எறும்பு ஊர்வது கேட்கும்.

சிக்கல் ஒன்பதாவது ஆள்தான். கஜபதியின் சித்தப்பா தங்கவேல், வயது எழுபத்தாறு. பள்ளிப்பட்டில் நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். பக்கத்தில் வெடி வைத்தாலும், "யாரோ கூப்புட்ட மாதிரி இருக்குதே" என்பார். அவரை மட்டும் விட்டுவிட்டு வரும்படி பரசுராமன் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆனால் வேன் பள்ளிப்பட்டுக்குப் போனபோது, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதியுடன் தங்கவேல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரை இறங்கச் சொல்வதென்றால் கத்திச் சொல்ல வேண்டும். கத்தினால் ஊரே கூடிவிடும், ஏன் இறக்கினீர்கள் என்று கேட்கும்.

"உக்காரட்டும்" என்றாள் அம்சா. "இருக்கறவரை இல்லேன்னு ஒளிச்சு வெச்சா, அவங்க எழுதனதுக்கும் நாம பண்றதுக்கும் என்னா வித்தியாசம்?"

சென்னை அலுவலகத்தில் நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் பெஞ்சு. நாற்பது பேருக்குக் குறையாது, எல்லாரும் முன்னாள் சிப்பாய்கள். ஊன்றுகோல் வைத்தவர், கை நடுங்குகிறவர், சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறவர். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, வாசலில் மேஜை போட்டிருந்த குமாஸ்தா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நகல் சாயங்காலம் கிடைக்குமாம்.

கஜபதியின் பெயர் வந்ததும் பத்துப் பேர் கூடவே எழுந்ததைப் பார்த்துக் குமாஸ்தா பதறிப் போனான்.

"யாரும்மா இவங்கள்லாம்? மனுதாரர் மட்டும்தான் உள்ள போகணும்."

"குடும்ப வரலாறு கொண்டாரச் சொல்லிப் போட்டிருக்கீங்களே" என்றாள் அம்சா, அழைப்புக் கடிதத்தை விரித்துக் காட்டி. "இதுதாங்க எங்க வரலாறு. பள்ளிப்பட்டுலேர்ந்து வேன்ல வந்துருக்குது."

உள்ளே இருந்த குழுத் தலைவர் தமிழ்க்காரர்தான். காலையிலிருந்து காகிதங்களில் ஒரே மாதிரி எழுதிச் சலித்துப் போயிருந்தவருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "வரச் சொல்லு, பார்ப்போம்" என்றார். பரம்பரை சுவரோரமாக வரிசையாக நின்றது. தலைவர் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு, கொசு பாடுகிற அளவுக்கு, "நூத்தி எட்டு" என்றார்.

"நூத்தி எட்டு!" என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் கூவினார்கள்.

"என்னாடா சொல்றாரு?" என்றார் தங்கவேல்.

தலைவரின் முகம் மலர்ந்தது. அம்சா அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இவர் யாரு?"

"இவருக்குச் சித்தப்பாங்க."

"சித்தப்பாவுக்கும் காது கேட்காது. அப்புறம் பரம்பரை இல்லேன்னு ஏம்மா மேல்முறையீடு? நீங்களே ஆதாரத்தைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே!" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

"சார், ஒரு நிமிசம்" என்றாள் அம்சா. "அவரு நாப்பது வருசம் தறி ஓட்டனவரு. அந்தத் தெருவுல முப்பத்தாறு வீடு. எல்லா வூட்லயும் பெருசுங்களுக்குக் காது கேக்காது. எங்காளுங்க இருக்காங்க, நாயுடு வூடு இருக்குது, பாய் வூடு இருக்குது, சர்ச்சுக்குப் போற வேதக்காரரு வூடு இருக்குது. காலனியிலேர்ந்து தறிக்கு வர்றவங்க இருக்காங்க. அவங்களுக்குத் தனி டம்ளர் வெக்கிற தெருதான் அது. ஆனா சத்தம் அத்தினி பேரு காதையும் ஒண்ணாத்தான் அடைச்சிது. முப்பத்தாறு வூடும் ஒரே பரம்பரதான்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், நான் கொண்டும்போய்த் தெருவுல ஒட்டறேன். எங்க ஊர்ல சாதிச் சண்டையாவது தீரும்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா சட்டென்று ஃபைலுக்குள் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"அது வேற விஷயம்மா" என்றார் தலைவர். "தறி வேற. அது நாள் பூரா காதுல விழற வேலைச் சத்தம். அதுல காது போகும்."

"அப்ப பீரங்கி என்னாங்க, தாலாட்டா பாடுச்சு?"

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்குப் பதில் வராதபோது கோபம் வரும். "எல்லாரையும் வெளிய அனுப்பு" என்றார். எழுதி முடித்து, காகிதத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்து, "கையெழுத்து வாங்கு" என்றார். மற்றவர்கள் நடைவழிக்குப் போனார்கள். தங்கவேலையும் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அம்சா மட்டும் நகரவில்லை.

கஜபதிக்கு இத்தனை நேரம் நடந்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. உதடுகள் அசைந்தன, மனைவி கை நீட்டி நீட்டிப் பேசினாள், அவ்வளவுதான் தெரியும். குமாஸ்தா பேனாவைக் கொடுத்துக் கீழ் வரியைக் காட்டினான். அங்கே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவர்தான் கஜபதி. எதையும் என்னவென்று கேட்டதில்லை. கேட்பது பட்டாளத்துப் பழக்கம் இல்லை. பட்டாளத்தை விட்டு வெளியே வரும்போது கொடுத்த கடைசி ஃபாரத்திலும் அப்படித்தான் போட்டார். வீட்டுக்கு வந்தபின் தேவயானி படித்துப் பார்த்தால் அதில், 'என் நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று விளக்கக் கேட்டு ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருந்தது.

அவர் அம்சாவின் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். எழுந்து விறைப்பாக நின்றார்.

"என்னா எழுதியிருக்கீங்கன்னு படிச்சுக் காட்டுங்க சார்."

தலைவர் எரிச்சலோடு காகிதத்தை வாங்கி முணுமுணுவென்று தமிழில் படித்தார்.

"கேக்கலீங்க சார்."

கொஞ்சம் உரக்கப் படித்தார்.

"கேக்கலீங்க சார். விளக்கக் கேட்டு ஒப்புக்கொள்கிறேன்னுதான் இந்த மாதிரி ஃபாரத்துல போட்டிருக்குமாம். எம் பொண்ணு சொல்லிச்சு. கேக்காம எப்பிடி சார் ஒப்புக்கறது?"

தலைவர் கத்தினார். "பீரங்கிச் சத்தத்துக்கும் இவர் காதுக்கும் சம்பந்தமில்லை!"

நடைவழியில், பெஞ்சின் கோடியில் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எந்தச் சத்தத்துக்குங்க சார்?" என்று கஜபதி மரியாதையாகக் குனிந்து இடது காதைக் காட்டினார்.

"பீரங்கி! பீரங்கிச் சத்தம்! சம்பந்தமில்லை!"

அம்சா நினைத்திருந்தால் அந்தக் காதோரம் போய் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். பட்டாளத்திலிருந்து அவர் திரும்பிய நாள் முதல் அவள் செய்து வந்த வேலை அது. அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்த மனிதரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் இதையெல்லாம் என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

தலைவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. குமாஸ்தாவிடம் காகிதத்தைத் தள்ளினார். குமாஸ்தா இளவயசுக்காரன், குரல் கணீரென்று இருந்தது. "இந்தக் குறைபாடு பரம்பரையாக வருவது!" என்று அவன் கூவியது மாடிவரை போயிற்று.

அப்போது ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர் கதவருகே வந்து நின்றார். காலையில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர்.

"சார், என்னுதையும் கொஞ்சம் சத்தமாப் படிங்க. இங்க்லீஸ்ல இருந்துச்சு, நான் பாட்டுக்குப் போட்டுட்டேன்."

"போட்டாச்சுன்னா முடிஞ்சுது" என்றான் குமாஸ்தா.

"கேட்டுட்டு அடிச்சுக்கறேன். படிங்க."

அவருக்குப் பின்னால் கை நடுங்குகிறவர் வந்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர். யாரும் கூச்சல் போடவில்லை, யாரும் மேஜையைத் தட்டவில்லை. பட்டாளத்தில் பழகியபடி ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள், தங்கள் முறை வரும் வரை காத்திருந்தார்கள். முட்டி தேய்ந்தவருக்குப் படித்தார்கள். தூக்கத்தில் அலறுகிறவருக்குப் படித்தார்கள். காகிதம் மாறியது, வார்த்தை மாறவில்லை.

அன்று சாயங்காலம் அலுவலகம் மூடுகிற வரை 'பரம்பரை' என்ற அந்த வார்த்தையை எத்தனையோ முறை தொண்டை கிழியக் கத்திப் படித்தார்கள். கஜபதிக்கு அது ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் கையெழுத்தும் போடவில்லை.